பாய்மரப்படகு வாங்கப் போறீங்களா?

நண்பர் ஒருவர் குடும்பத்தோடு கடலில் சுற்ற 34 அடிப் பாய்மரப்படகு, பழையது, வாங்கலாமா என்று மெயில் அனுப்பியிருந்தார். உள்ளே இரண்டு படுக்கையறை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டாம்.

கோலார் தங்கவயல்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்காதீர்கள். எங்க ஊர் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். 2001-ல் மூடும்வரை இரும்பு வடத்தை நம்பித்தான் கூண்டில் இறங்கினார்கள். கூண்டின் பெயிண்ட் முக்கியமில்லை, வடம்தான் முக்கியம்.

படகுக்கும் அதே கணக்குதான். மெத்தையைப் பார்த்து மயங்க வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கச் சொல்லி, அடியிலிருக்கும் கனத்த கீலையும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் 'சீக்கி ரஃபிக்கி' என்ற 40 அடிப் படகின் கீல் கழன்று, படகு கவிழ்ந்து, நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

அடுத்து, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள். 10-15 வருடம் ஆகியிருந்தால் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

விற்பவர் கைகாட்டும் சர்வேயர் வேண்டாம், நீங்களே ஒருவரை அமர்த்துங்கள். அந்தக் காசு தண்டமில்லை. பிள்ளைகளை ஏற்றிப் போகிற படகாச்சே!