பிரான்ஸில் ஒரு மரத்தோப்பு, குமரியில் ஒரு கோட்டை! ‘டிலனாய்’ என்ற பெயர் வந்த கதை

“ஏ மக்ளே, எந்தூரு? யாருக்க பிள்ள?”

பூதப்பாண்டி பஸ் நிறுத்தத்தில் ஒரு புதுமுகம் வந்து இறங்கினால், டீக்கடை பெஞ்சில் இருக்கும் பெரியவர் முதலில் கேட்பது இந்த இரண்டு கேள்விகளைத்தான். பெயரைக்கூட அதற்கப்புறம்தான் கேட்பார். ஊரும் அப்பா பெயரும் தெரிந்துவிட்டால் போதும், ஆளை அடையாளம் கண்டுகொள்வார்.

அதே ஊர்ப் பையன் வெளிநாட்டு வேலைக்காக ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ‘லாஸ்ட் நேம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அப்பா பெயரைப் போடுவதா, ஊர்ப் பெயரைப் போடுவதா? பலர் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டு ஆபீஸில் மகனை எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள்!

இந்தக் குடும்பப் பெயர் என்பது எங்கிருந்து வந்தது? ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். அதற்கு பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. குமரி மாவட்டத்திலேயே ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ‘டிலனாய்’.

கைதியாக வந்த கப்பித்தான்

1741-ம் ஆண்டு. மிளகு வணிகத்துக்காக மலபார் கடற்கரையைப் பிடிக்க நினைத்த டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, இலங்கையிலிருந்து படையை அனுப்பி குளச்சலில் இறக்கியது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அதை முறியடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாச்சியஸ் பெனடிக்டஸ் டி லனாய்.

கைதியாகப் பிடிபட்டவரையே மன்னர் தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பயிற்சி, பீரங்கி, கோட்டை கட்டும் நுட்பம் எல்லாவற்றையும் அவர் கற்றுக்கொடுத்தார். படிப்படியாக உயர்ந்து திருவிதாங்கூர் படையின் தலைவரானார். ஊர் மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்று அழைத்தார்கள். பெரிய கேப்டன் என்று அர்த்தம்.

பூதப்பாண்டியைத் தலைநகராகக் கொண்ட தோவாளை தாலுகாவிலும் அவர் கை பட்டிருக்கிறது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் காக்க எழுப்பிய அரண்களைப் பலப்படுத்தியவர் அவர்தான். கன்னியாகுமரி பக்கம் கடலோரத்தில் நிற்கும் வட்டக்கோட்டையும் அவர் காலத்தில் உருவானதே. மேற்கே, பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டையை அவர் மேற்பார்வையில் திரும்பக் கட்டினார்கள். அந்தக் கோட்டைக்கு மக்கள் வாயில் நிலைத்த இன்னொரு பெயர், ‘தில்லானாய் கோட்டை’. ‘டி லனாய்’தான் நம் ஊர் நாக்கில் அப்படித் திரும்பியிருக்கிறது.

1777-ம் ஆண்டு ஜூன் 1-ம் தேதி அவர் இறந்தார். கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். லத்தீன், தமிழ் இரண்டிலும் எழுதிய கல்லறைக் கல் இன்றும் அங்கே இருக்கிறது.

டச்சுப் படையில் வந்தவர் என்பதால் எல்லோரும் அவரை ‘டச்சுத் தளபதி’ என்றே சொல்கிறோம். பெயர் மட்டும் டச்சு அல்ல, பிரெஞ்சு.

பெயருக்குள் ஒரு தோப்பு

‘டி’ என்றால் பிரெஞ்சில் ‘இருந்து’, ‘உடைய’ என்று அர்த்தம். ‘டி லனாய்’ என்றால் ‘லனாய் ஊர்க்காரர்’. அதாவது, பூதப்பாண்டிப் பெரியவர் கேட்ட முதல் கேள்விக்கான பதில்தான் இந்தக் குடும்பப் பெயர்! ‘டி’ போட்டவர்கள் எல்லாம் பிரபு வம்சம் என்று பலர் நினைப்பதுண்டு. அது தவறு. சாதாரண உழவரும் நெசவாளரும்கூட ஊர் பெயரால் இப்படி அழைக்கப்பட்டார்கள்.

லனாய் என்பது என்ன? பிரான்ஸின் வடக்கு எல்லையில், லீல் நகரத்தை ஒட்டி, பெல்ஜியத்துக்கு மிக அருகில் இருக்கும் சின்ன ஊர். பிரெஞ்சுக்காரர்கள் இன்று ‘லனுவா’ என்று உச்சரிக்கிறார்கள்.

அந்தச் சொல்லையும் பிரித்துப் பார்க்கலாம். ஐரோப்பாவில் ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் வளரும் ஒரு மரத்தை ஆங்கிலத்தில் ஆல்டர் என்பார்கள். (நம் ஆலமரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) லத்தீனில் அதன் பெயர் ‘அல்னுஸ்’. பிரெஞ்சில் ‘ஓன்’. அந்த மரங்கள் கூட்டமாக நிற்கும் தோப்பு, வடக்குப் பகுதி பேச்சு வழக்கில் ‘அனுவா’ ஆனது. முன்னால் இருக்கும் ‘ல’ என்பது ஆங்கில ‘தி’ போன்ற ஒரு சொல். அது நாளடைவில் பெயரோடு ஒட்டிக்கொண்டு ‘லனுவா’ ஆகிவிட்டது.

ஆக, டி லனாய் என்றால் ‘ஆல்டர் தோப்புக்காரர்’. அவ்வளவுதான்.

நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இது புதிதே அல்ல. இங்கே நாவல்காடு என்று ஊர் இருக்கிறது. தோப்பும் தோட்டமுமான நிலத்தை ‘விளை’ என்பார்கள். பெருவிளை தொடங்கி விளையில் முடியும் ஊர்கள் குமரி மாவட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. டி லனாய் இங்கே பிறந்திருந்தால் யாராவது அவரை ‘விளைக்காரர்’ என்று கூப்பிட்டிருப்பார்கள்.

அவருடைய முதல் பெயருக்கும் அழகான அர்த்தம் உண்டு. யூஸ்டாச்சியஸ் என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ‘நல்ல கதிர் விட்ட பயிர்’ என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். நாஞ்சில் என்றால் கலப்பை. நல்ல கதிர் என்ற பெயர்க்காரர் கலப்பையின் பெயர் கொண்ட நாட்டில் வந்து மண்ணோடு கலந்திருக்கிறார்.

சின்ன ஊர், பெரிய பயணம்

லனாய் ஊரின் மொத்தப் பரப்பு எவ்வளவு தெரியுமா? 0.18 சதுர கிலோமீட்டர். சுமார் 45 ஏக்கர்தான். பிரான்ஸின் மிகச் சிறிய ஊர்களில் அதுவும் ஒன்று. உதயகிரிக் கோட்டையோ ஏறத்தாழ 90 ஏக்கர். பெயரைத் தந்த ஊரைவிட, பெயரைப் பெற்ற கோட்டை இரண்டு மடங்கு பெரியது!

ஐரோப்பாவில் குடும்பப் பெயர்கள் மெல்ல மெல்லத்தான் நிலைத்தன. முதலில் ‘லனாயிலிருந்து வந்த ழான்’ என்று ஆளைக் குறிக்கத்தான் சொன்னார்கள். 1539-ல் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா, ஞானஸ்நானங்களைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதற்குப் பிறகு பெயரை இஷ்டப்படி மாற்றுவது கடினமானது. அப்பா பெற்ற ஊர்ப் பெயர், அந்த ஊரையே பார்க்காத பேரனுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த மன்னருக்கும் இந்தப் பெயருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1525-ல் இத்தாலியின் பவியா போரில் தோற்ற பிரான்சுவா சரணடைந்தது சார்லஸ் டி லனாய் என்ற தளபதியிடம்! 216 ஆண்டுகள் கழித்து அதே பெயர் கொண்ட இன்னொருவர் குளச்சலில் சரணடைந்தார்.

பெயர் ஒன்று என்பதால் எல்லோரும் ஒரே ரத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஊரிலிருந்து கிளம்பிய பத்துக் குடும்பங்களுக்கும் ஒரே பெயர் ஒட்டியிருக்கலாம். அதோடு, ஆல்டர் தோப்பு பிரான்ஸ் முழுக்க உண்டு. வடக்கே லனுவா, டெலனுவா என்றால், மேற்கே அதே சொல் லோனே, டெலோனே என்று ஆகியிருக்கிறது. நூறு வயது வரை வாழ்ந்த பிரெஞ்சு சினிமா இயக்குநர் ழான் டெலனுவா, வண்ண வட்டங்களால் புகழ்பெற்ற ஓவியர் ராபர்ட் டெலோனே, 1789-ல் மக்கள் தகர்த்த பாஸ்டில் சிறைக்கோட்டையின் ஆளுநர் டி லோனே... எல்லோரும் தோப்புக்காரர்களே!

பெல்ஜியத்தில் டி லனாய் குடும்பம் இன்றும் பிரபலம். அந்தக் குடும்பத்துப் பெண் ஸ்டெபானி, 2012-ல் லக்சம்பர்க் இளவரசரை மணந்தார்.

கடல் தாண்டியும் இந்தப் பெயர் போனது. நெதர்லாந்தின் லைடன் நகரில் பிறந்த பிலிப் டி லனாய் என்ற இளைஞர், 1621-ல் கப்பலேறி அமெரிக்காவின் பிளிமத் குடியிருப்புக்குப் போனார். அங்கே ஆங்கிலம் பேசுபவர்களின் நாக்கு ‘டி லனாய்’ என்பதை ‘டெலனோ’ ஆக்கியது. அந்த வம்சத்தில் வந்த சாரா டெலனோவின் மகன்தான் அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட். அங்கே டெலனோ, இங்கே தில்லானாய். இரண்டும் ஒரே சொல்!

கதவு திறந்த பெயர்

பிரெஞ்சுப் பெயரைத் தாங்களே விரும்பி வைத்துக்கொண்ட தமிழர்களும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் 1881-ல் ஓர் ஆணை வந்தது. சாதி, மத வழக்கப்படியான சட்டங்களை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்கள், தங்களுக்கென்று ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுக்கலாம். காலணி அணிந்து கோர்ட்டுக்குள் போனதற்காகத் தடுக்கப்பட்டு, அதை எதிர்த்துப் போராடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை முன்வரிசையில் நின்று அந்த உரிமையை எடுத்துக்கொண்டார். அவர் தேர்ந்தெடுத்த பெயர் ‘லா போர்த்’. கதவு என்று அர்த்தம்.

பிரெஞ்சுப் பெயர் பெரும்பாலும் ஒருவரின் ஊரை, தொழிலை, வீட்டுக்குப் பக்கத்தில் நின்ற மரத்தைச் சொல்லும். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் வந்த சொல் பெரும்பாலும் ஒன்றை மட்டுமே சொன்னது. சாதியை.

நண்பர் துறந்த ‘பிள்ளை’

இதற்கு டிலனாயின் நண்பர் வாழ்க்கையே சாட்சி. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மன்னரிடம் பணியில் இருந்தவர். துயரத்தில் இருந்த காலத்தில் டிலனாயோடு பழகி, கிறிஸ்தவ நம்பிக்கையை அறிந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு வைத்த பெயர் லாசர். ‘கடவுள் உதவினார்’ என்பது அதன் பொருள். அதைத் தமிழாக்கினால், தேவசகாயம்.

1752 ஜனவரியில், ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நண்பர் அரண் கட்டிய அதே ஆரல்வாய்மொழி. 2022 மே 15-ம் தேதி வாடிகனில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

அதற்கு முன்பு ஒரு கேள்வி எழுந்தது. எல்லாச் சாதியினரோடும் சமமாகப் பழகியவர் என்று போற்றப்படுபவரின் பெயரில் ‘பிள்ளை’ எதற்கு? ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி.தேவசகாயம் உள்ளிட்டோர் அதை நீக்கச் சொல்லி வாடிகனுக்கு எழுதினார்கள். வாடிகன் ஏற்றுக்கொண்டது. புனிதர் பட்டியலில் சேர்ந்தபோது அவர் தேவசகாயம் மட்டுமே.

இரண்டு நண்பர்கள். ஒருவரின் குடும்பப் பெயர் கோட்டையின் பெயரானது. இன்னொருவரின் சாதிப் பெயர் 270 ஆண்டுகளுக்குப் பிறகு கழன்று விழுந்தது.

சொரிமுத்து என்ற ஜீவா

தமிழ்நாட்டில் இந்தக் கழற்றல் முன்பே தொடங்கிவிட்டது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதியைப் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. இன்று ஆன்லைன் படிவத்தில் நம் பிள்ளைகள் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கட்டம் காலியாக இருப்பது குறை அல்ல. ஒரு தலைமுறை வேண்டுமென்றே காலி செய்து வைத்த இடம் அது.

பூதப்பாண்டிக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1907-ல் இந்த ஊரில் பிறந்த ஒரு பையனுக்கு வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து. பின்னாளில் அவர் ஜீவானந்தம் ஆனார். தனித்தமிழ்ப் பற்று வந்த காலத்தில் அதையும் மொழிபெயர்த்து ‘உயிரின்பன்’ என்று வைத்துக்கொண்டார். கடைசியில் ஊரும் உலகமும் அவருக்கு வைத்த பெயர் இரண்டே எழுத்து. ஜீவா! அந்தக் கம்யூனிஸ்ட் தலைவரை அடையாளம் காண எந்த லாஸ்ட் நேமும் தேவைப்படவில்லை.

சரி, படிவத்தில் என்னதான் போடுவது? அப்பா பெயரைப் போடலாம். அம்மா பெயரையும் போடலாம். டி லனாய் போல ஊர்ப் பெயரையும் போடலாம். ‘நாஞ்சில்’ என்று ஊரையே பெயருக்கு முன்னால் மாட்டிக்கொண்டு ஜெயித்தவர்கள் இந்த மண்ணில் எத்தனையோ பேர். எதைப் போட்டாலும் எல்லாச் சான்றிதழ்களிலும், பாஸ்போர்ட்டிலும் ஒரே எழுத்தில் ஒரே மாதிரி இருக்கட்டும். அது மட்டும் முக்கியம்.

அடுத்த முறை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால், பிள்ளைகளை உதயகிரிக் கோட்டைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். மரங்கள் சூழ்ந்த பாதையில் நடந்து அந்தக் கல்லறை வரை போய் வாருங்கள். எங்கேயோ ஓர் ஆற்றங்கரைத் தோப்பின் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. பக்கத்திலேயே தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

எந்தூரு, யாருக்க பிள்ள என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பாரோ... குமரி மக்கள் அவரைத் தங்கள் ஊர்க் கணக்கில் எப்போதோ சேர்த்துவிட்டார்கள்.