மண்ணை அள்ளுமுன் திட்டத்தைக் காட்டு!

  

2017 ஜூன் 30. நம்ம திருவிடைமருதூர் வட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு ஏற்பட்டு வயலில் கச்சா எண்ணெய் பரவியது. கலெக்டர் நேரில் வரவேண்டும் என்று கேட்டு ஜனங்கள் உட்கார்ந்தார்கள். கிடைத்தது தடியடி. பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்ட 10 பேரைச் சிறையில் தள்ளினார்கள். அடுத்த மாதமே, கதிராமங்கலத்துக்காகவும் நெடுவாசலுக்காகவும் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. இப்போது நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்களே, இதுபோல ஒரு தாள்தான் அது!

அந்தப் போராட்டத்தின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். இங்கே பேச வந்தது வேறு. எண்ணெய் கொட்டிய வயலைப் பார்த்து ‘சுத்தம் பண்ணியாச்சு, சாகுபடி பண்ணலாம்’ என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? எதை வைத்துச் சொல்வது? எங்கே கசிவு நடந்தாலும் ‘மண் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்று அதிகாரிகள் ஒரு வரி சொல்வார்கள். அந்த ஒரு வரியில் நம் வாயை அடைத்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. நாம் அந்த வரியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மண் பரிசோதனை நமக்குப் புதிதல்ல. உரச் சிபாரிசுக்கு மண் எடுக்கத் தெரியாத விவசாயி உண்டா? வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில், ‘வி’ போலக் குழி வெட்டி, வரப்போரம், மரத்தடி, எருக்குமி கிடந்த இடம் எல்லாம் விட்டுவிட்டு, எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நாலாகப் பங்கிட்டு அரைக் கிலோ அனுப்புவோம். வயலின் சராசரி தெரிய அது சரியான முறை. கசிவு நடந்த வயலுக்கு அதே முறையில் எடுத்தால் மோசம் போனோம்! உரத்துக்கு எடுக்கும்போது வித்தியாசமான இடத்தை ஒதுக்குகிறோம். விஷத்துக்கு எடுக்கும்போது வித்தியாசமான இடத்தைத்தான் தேடிப் போகணும். நஞ்சு கிடக்கும் ஒரு குழி மண்ணோடு நல்ல மண் ஒன்பது குழி கலந்தால் நஞ்சு பத்தில் ஒன்றாகிவிடும். தாளில் ‘வரம்புக்குள் உள்ளது’ என்று வரும். அது பொய்யான தாள் இல்லை, எடுத்த முறைதான் பொய். போதாக்குறைக்கு, பென்சீன் மாதிரி ஆவியாகும் சரக்கு கலந்து கிளறும்போதே காற்றில் பறந்துவிடும்.

ஆழத்தையும் கவனியுங்கள். நம் வயலில் தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு ஓட்டி, முக்கால் அடிக்குக் கீழே இறுகிய தட்டு ஒன்று இருக்கிறது. குழாய் போவதோ பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் கீழே. எண்ணெய் மேலே பீறிட்டது கொஞ்சம் என்றால், தட்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்தது எவ்வளவு? மேல்மண்ணைச் சுரண்டி வண்டியில் ஏற்றிவிட்டு, மிச்சம் இருக்கும் மேல்மண்ணிலேயே மாதிரியும் எடுத்தால் சுத்தமாகத்தான் தெரியும். அரை அடி, ஒரு அடி, ஒரு மீட்டர், அதற்கும் கீழே ஊற்று தட்டும் வரை என்று தனித்தனியாக எடுத்து, தனித்தனிப் பாத்திரத்தில் அடைக்க வேண்டும்.

காலமும் முக்கியம். கோடையில் ஊற்று இறங்கிக் கிடக்கும். மேட்டூர் திறந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் பெய்தால் ஊற்று ஏறும். அதன்மேல் மிதக்கிற எண்ணெயும் கூடவே ஏறும். சித்திரையில் ஒரு தடவை எடுத்துவிட்டு வருஷம் முழுக்கப் பேசக்கூடாது. கோடையில் ஒன்று, சம்பா நிற்கும்போது ஒன்று என்று குறைந்தது இரண்டு தடவையாவது எடுக்க வேண்டும். போர், கைப்பம்பு, வடிகால் தண்ணீர், வடிகாலின் அடிச்சேறு, எதையும் விடக்கூடாது. எண்ணெய்ப் படலம் மடைவழியாகத்தான் கீழ்வயலுக்குப் போகும். ஆனால் கசிந்த வயலோடு ஆய்வு நின்றுவிடும், கீழ்வயல்காரன் கேட்பாரற்றுப் போவான். அதேபோல, கசிவே எட்டாத தூரத்து வயலிலிருந்தும் மண் எடுக்கணும். இல்லாவிட்டால் ‘இந்த மண்ணில் இயற்கையாவே இருக்கிறதுதான்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள்.

எதைத் தேடுவது? உர ஆய்வுக்கூடத்தில் கொடுத்து கார அமில நிலையும் தழை மணி சாம்பல் சத்தும் பார்த்து வாங்கினால் அந்தத் தாளில் எண்ணெய் ஒரு துளிகூடத் தெரியாது. மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன் வகை, உலோகங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எண்ணெயோடு கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரும் வரும். ஆகவே உப்பு, சோடியம், குளோரைடு, பேரியமும் பார்க்க வேண்டும். எண்ணெயை நுண்ணுயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், உப்பைத் தின்ன ஆளில்லை. நெல்லுக்கு இரண்டாவதும் எமன்தான்.

‘கண்டறியப்படவில்லை’ என்கிற வார்த்தையை நம்பி ஏமாறாதீர்கள். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவிக்கு 50-க்கு மேல்தான் கண் தெரியும் என்றால், 40 இருந்தாலும் ‘கண்டறியப்படவில்லை’ என்றே அச்சடித்து வரும். கருவி எதுவரை பார்க்கும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். பென்சீன் பார்க்கிற தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில், காற்றுக்குமிழி இல்லாமல் வாய் வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, தாமதமில்லாமல் கூடத்தில் சேர்க்கணும். குடிதண்ணீர் பாட்டிலில் பிடித்து ஜீப்பில் இரண்டு நாள் வெயிலில் சுற்றவிட்டால் கூடத்துக்குப் போய்ச் சேருவது வெறும் தண்ணீர்தான். எடுத்தது யார், வாங்கினது யார், எத்தனை மணிக்கு என்று கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வேண்டும்.

1974-ஆம் வருஷத்து தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 21-வது பிரிவில், ஆலைக் கழிவுநீர் எடுக்கும்போது ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னாலேயே இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும் என்று இருக்கிறது. கழிவு விடுகிறவனுக்கு அந்த மரியாதை உண்டென்றால், வயல் கெட்டவனுக்கு ஏன் இல்லை? நமக்கும் ஒரு பங்கு கொடு, நாங்கள் வேறு கூடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்பது நியாயம்தானே!

எல்லாவற்றிலும் பெரியது இது: என்ன வந்தால் என்ன செய்வது என்பதை முடிவு வருமுன்னே எழுதி வைக்க வேண்டும். கொடைக்கானலைப் பாருங்கள். இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலை பாதரச விவகாரத்தில் 2001-ல் மூடப்பட்டது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசத்தை விட்டுவிட்டுப் போகலாம் என்கிற வழக்காடல் வருஷக்கணக்கில் இழுத்தது. 20 போதும் என்றது கம்பெனித் தரப்பு. சோலைக்காடும் நீர்ப்பிடிப்பும் உள்ள மலையில் அது போதாது, இன்னும் குறை என்றார்கள் அங்கே போராடியவர்கள். அந்த ஒற்றை எண்தான் எவ்வளவு மண் தோண்டுவது, எத்தனை கோடி செலவு என்பதைத் தீர்மானிக்கிறது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுப் போனார்கள். ஆய்வறிக்கைகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம்.

நம் கையில் இப்போது சில பிடிமானம் இருக்கிறது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது. பழைய கிணற்றையும் குழாயையும் அது தொடவில்லை. அந்தப் பழைய குழாய்தான் நம் வயலுக்கு அடியில் கிடக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளை வெளியிட்டது. அதன்படி மாசு இருக்கலாம் என்று சந்தேகப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கொரு முறை பட்டியல் போட வேண்டும். 90 நாளில் முதற்கட்ட ஆய்வு, மாசு தெரிந்தால் மேலும் மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. கெடுத்தவரே செலவைக் கட்ட வேண்டும். சுரங்கப் பணிக்கு விதிவிலக்கு உண்டு. ‘எண்ணெய்க் கிணறும் சுரங்கம்தானே’ என்று எவராவது கிளம்பினால், 2025-ல் எண்ணெய் வயல் சட்டத்தைத் திருத்திப் பெட்ரோலியப் பணியைச் சுரங்கப் பணியிலிருந்து பிரித்தது இதே மத்திய அரசுதான் என்று எடுத்துக் காட்டுங்கள்.

ஆகவே, கலெக்டர் ஆபீசில் அடுத்து நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நமது சங்கம் வைக்கும் கோரிக்கை இதுதான்: டெல்டாவில் கசிவு நடந்த ஒவ்வொரு வயலையும் அந்தப் பட்டியலில் ஏற்று! எங்கே, எத்தனை ஆழம், எந்த மாதம், என்னென்ன பொருள், எந்தக் கூடம், எந்த அளவைத் தாண்டினால் என்ன நடவடிக்கை என்று தமிழில் எழுதிய திட்டத்தை, மண்வெட்டி இறங்குமுன் கிராம சபையில் வை! நாள் முழுக்க முழங்கால் சேற்றில் நின்று நாற்று நடுகிற பெண்களைக் கேட்காமல் இடத்தைத் தேர்வு செய்யாதே! எந்த மூலையில் கால் அரிக்கிறது, எந்த மடையில் வாடை வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு கிளையும் ஊர்ப்படம் ஒன்று வரைந்து கொண்டுவர வேண்டும். குழாய் போகிற தடம், கசிந்த இடமும் வருஷமும், போர், கைப்பம்பு, வாய்க்கால், வடிகால், வெள்ளம் எந்தப் பக்கம் வடியும் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். பென்சிலில் வரைந்தாலும் போதும், சர்வே எண் மட்டும் தப்பில்லாமல் இருக்கணும்.

போராட்ட வாழ்த்துகளுடன்,
செயலாளர்
திருப்பனந்தாள்