தகடு வெட்டுற பொடியனும் அவன்ட ஓஎல் ரிசல்ட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். முழுக்க வாசித்துவிட்டு ஏசுகிறவர்கள் ஏசலாம்.

போன கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வாப்பா என் கையைப் பிடித்தார். "சேர், நீங்க சொன்னா கேப்பான். கட்டாருக்கு விசா சரி. ஏஜென்சிக்குப் பாதிக் காசும் கட்டிட்டன். இவன் கராஜ்ல தகரம் வெட்டிட்டு இருக்கான், போக மாட்டன் எண்டு நிக்கிறான்."

அவருடைய மகன் என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். சாதாரண தரத்தில் கணிதம் இரண்டு தடவையும் டபிள்யூ. சரி, புத்தி சொல்லலாம் என்றுதான் கண்டி வீதியிலுள்ள அந்தக் கராஜுக்குப் போனேன்.

உள்ளே ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 நின்றது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். கொழும்பிலுள்ள ஒருவருடையது, கட்டுக்குருந்த ஓடுபாதையில் ஓட்டுவதற்காக டர்போ பூட்டியிருக்கிறார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இப்படிப் பழசைத் தேடிப் பிடித்துத் திருத்துகிறவர்கள் கூடிவிட்டார்கள். நம்ம பொடியன் அதன் முன்னால் குந்தியிருந்து பிஸ்கட் பெட்டி அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். "என்ன மகன், கைவேலைப் பாடமா?" என்று கேட்டேன். சிரித்தான். பிறகு அவன் பேசியதை என்னால் இடையில் நிறுத்த முடியவில்லை.

காரின் வருத்தம் இதுதான். கொழும்பு நெரிசலில் நின்றால் சூடாவதில்லை. மீரிகம–குருணாகல் அதிவேக வீதியில் 100இல் போனால் ஊசி ஏறுகிறது. மூன்று கராஜில் காட்டி, தேர்மோஸ்டாட், வோட்டர் பம்ப், கடைசியில் பெரிய ரேடியேட்டர் வரை மாற்றியாகிவிட்டது. ஊசி இறங்கவில்லை. இவன் சொன்னான்: "சேர், நிக்கக்குள்ள சூடாகினா ஃபேன்ல பிழை தேடணும். ஓடக்குள்ள சூடாகினா முதல்ல காத்துட வழியப் பாக்கணும். இதுல காத்து ரேடியேட்டருக்குள்ள போறல்ல, சுத்திப் போகுது."

உண்மைதான். ரேடியேட்டர் என்பது காற்றுக்கு ஒரு தடை. பக்கத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் காற்று அந்த லேசான வழியால்தான் போகும். கம்பெனி அடியில் பூட்டியிருந்த பிளாஸ்டிக் தட்டை முன்பு யாரோ கழற்றி வீசியிருக்கிறார்கள். பம்பரின் வாயால் நுழைகிற காற்று கீழாலும் பக்கத்தாலும் தப்பிவிடுகிறது. எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டும் என்ன?

அதற்குத்தான் அந்த அட்டை. பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டரின் விளிம்பு வரை நான்கு பக்கமும் மூடிய பெட்டி மாதிரி ஒரு வழி. முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, சரிவந்த பிறகு ஒரு மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் வெட்டுகிறான். மடிக்க வேண்டிய கோட்டை ஆணியால் கீறாமல் மாக்கர் பேனையால்தான் போடுகிறான், கீறின இடத்தில் தகடு வெடித்துவிடுமாம். கடினமான தகடு கூர்மையாக மடித்தாலும் வெடிக்கும் என்பதால் மென்மையான வகையைத் தேடி எடுத்திருக்கிறான். மூலைகளுக்கு ரிவெட், ரேடியேட்டரில் தொடும் விளிம்புக்குத் தண்ணீர் குடிக்காத ஸ்பொஞ்.

அந்தப் பெட்டி வாயில் சிறிதாகவும் உள்ளே போகப்போக விரிந்தும் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "விரிஞ்சா காத்து மெதுவாகும் சேர், அமுக்கம் கூடும். அந்த அமுக்கம்தான் காத்த ரேடியேட்டருக்குள்ளால தள்ளும். ஆனா சடார் எண்டு விரிச்சா காத்து சுவர விட்டுக் கழண்டு சுழலும். அதான் சாய்வக் குறைச்சி வெச்சிருக்கன்."

பதினெட்டு வருஷமாக நான் பேர்னூலியைக் கரும்பலகையில் எழுதுகிறேன். இப்படி ஒரு தடவையாவது சொல்லிக்கொடுத்திருப்பேனா தெரியாது. (வீட்டுக்கு வந்து தேடினேன். 1935இல் மெரடித் என்ற பிரித்தானியப் பொறியியலாளர் விமானங்களின் ரேடியேட்டருக்கு இதே மாதிரி விரிந்து பிறகு சுருங்கும் காற்றுவழி பற்றி எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே தொங்குவது அந்த யோசனைதான்.)

இன்னொன்று. நம்ம ஊர்ப் பொடியன்மார் பொனட்டின் பின்பக்கத்தை வொஷர் வைத்துத் தூக்கிவிட்டு, சூடு வெளியே போகும் என்கிறார்கள். இவன் பொனட் முழுக்கச் சின்னச் சின்னக் கம்பளி நூல்களை டேப்பால் ஒட்டி, பின்னால் வந்த காரிலிருந்து போனில் படம் எடுத்திருக்கிறான். கண்ணாடியின் அடியில் இருந்த நூல்கள் இடுக்கிற்குள் நுழைந்து கிடந்தன. அந்த இடத்தில் காற்றின் அமுக்கம் அதிகம். அதனால்தான் கம்பெனிக்காரன் சீட்டுப் பக்கம் காற்று எடுக்கும் துவாரத்தையே அங்கே வைத்திருக்கிறான். வேகத்தில் சூடு அதால் வெளியே வராது, வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். சூடு வெளியேற வேண்டுமென்றால் பொனட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வெட்ட வேண்டும் என்று காட்டினான்.

பிரேக்குக்கும் இரண்டு குழாய் இழுத்திருந்தான். அது டிஸ்க்கின் வெளி முகத்தில் அல்ல, நடுவில் ஊதும்படி. உள்ளே இடைவெளியுள்ள டிஸ்க் சுழலும்போது நடுவிலிருந்து வெளியே காற்றைத் தானே வீசுமாம், அதற்குச் சாப்பாடு கொடுத்தால் போதும். இந்த இடத்தில் வான் ஓட்டுகிற சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: டொட் 3 பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிக்க 205 பாகையாவது வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 140 வரை இறங்கலாம். நுவரெலியாவிலிருந்து பிள்ளை குட்டிகளோடு இறங்கும்போது மிதித்த பெடல் உள்ளே போவது பெரும்பாலும் இதனால்தான். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பிள்ளையை நான் பத்தாம் ஆண்டில் வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "நீ ஸ்பேனர் புடிக்கத்தான் லாயக்கு" என்று சொன்னவன். சொன்னது எனக்கு மறந்துவிட்டது. அவனுக்கு மறக்கவில்லை. டீ கொண்டுவந்து தந்துவிட்டு, கோபமில்லாமல், "சேர் சொன்ன மாதிரியே ஸ்பேனர்தான்" என்றான். அந்த டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கார் திருத்துகிற பொடியன் என்றாலே பெருநாளைக்கு சைலன்சரை வெட்டிக்கொண்டு பள்ளிவாசல் ரோட்டில் பறக்கிறவன் என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் சத்தத்துக்காகக் குழாய் வெட்டுகிறவனையும், ஒரு என்ஜினைக் காப்பாற்ற நான்கு நாள் அட்டை வெட்டுகிறவனையும் ஒரே கணக்கில் போடுவது அநியாயம். கட்டாரில் இவனுக்குக் கிடைத்திருப்பது லேபர் விசா. இங்கே கண்ணால் பார்த்துக் காற்றை அளக்கிறவன் அங்கே போய் சீமெந்து மூடை தூக்கப் போகிறான். வாப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் இரண்டு குமர், கராஜ் சம்பளம் நாட்கூலி.

போகத்தான் வேண்டுமென்றால் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது என் கருத்து. வேலை தெரிந்தவனுக்கு, வகுப்பில் இருந்து படிக்காவிட்டாலும், செய்துகாட்டும் திறமையைப் பரீட்சித்து என்விகியூ சான்றிதழ் தருகிற முறை நைட்டாவில் இருக்கிறது. எங்கள் ஊரில் எத்தனை பாஸ்மார் அதை எடுத்திருக்கிறார்கள்? நானே இவ்வளவு காலம் ஒரு பிள்ளைக்கும் சொல்லவில்லை. உயர்தரத்துக்குப் போகிறவர்களின் பெயரை மட்டும் பெனரில் அடித்துக் கேட்டில் தொங்கவிடுகிற ஆட்கள்தானே நாங்கள்.

அடுத்தது ஸகாத் கமிட்டி. தையல் மெஷின் கொடுத்தோம், த்ரீவீல் கொடுத்தோம், அல்ஹம்துலில்லாஹ். தகடு மடிக்கிற மெஷின் ஏன் கொடுக்க முடியாது? இப்போது அவன் இரண்டு கோண இரும்புக்கு நடுவில் தகட்டை இறுக்கி, பலகைத் துண்டால் தட்டி மடிக்கிறான். இவனுக்கு ஸகாத் சேருமா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். சேராவிட்டால் கர்ளு ஹஸனாகக் கொடுங்கள், பிணைக்கு நான் கையெழுத்து வைக்கிறேன். அந்த மெஷின் வந்தால் கார் வேலை மட்டுமல்ல, ஹோட்டல்களின் புகைக்கூண்டு, பேக்கரித் தட்டு, பீலி எல்லாம் செய்யலாம். ஸ்போர்ட்ஸ் கார் ஊருக்கு எத்தனை வரப்போகிறது என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

நேற்று அந்தக் காரை அதே அதிவேக வீதியில் கொண்டுபோய் வந்தார்கள். ஊசி நடுவிலேயே நின்றதாம். சொந்தக்காரர் பேசிய கூலிக்கு மேலேயும் கொடுத்திருக்கிறார். அதை வாப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தும், அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பயணத் திகதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

கமிட்டி ஞாயிற்றுக்கிழமை இஷாவுக்குப் பிறகு கூடுகிறது. நான் போவேன், வரக்கூடியவர்கள் வாருங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் பாவித்த தகடு மடிக்கிற மெஷின் ஏதும் கண்ணில் பட்டால் இன்பொக்ஸில் விலையோடு எழுதுங்கள். நாலடி அகலம் போதும் என்கிறான்.