போட்டோஷாப் இருக்கட்டும், முதலில் ஆல்பம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலர் முதலில் கேட்பது போட்டோஷாப். நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால், பெருங்களத்தூர் பக்கம் உறவினர் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும், "தம்பி, அப்படியே போட்டோஷாப்பும் போட்டுக் குடுத்துடுப்பா" என்பார்கள். எதற்கு என்று கேட்டால், "போட்டோவெல்லாம் போட்டு வைக்கத்தான்" என்று பதில் வரும்.

குழப்பமே இங்குதான். போட்டோஷாப் என்பது ஒரு போட்டோவைத் திறந்து திருத்தும் சாப்ட்வேர். கரிஷ்மா ஆல்பம் போடும் ஸ்டூடியோக்காரருக்கு அது தேவை. ஐயாயிரம் போட்டோக்களுக்கு நடுவே 2014 பொங்கலன்று எடுத்த பாட்டி படத்தைத் தேடுபவருக்கு அது உதவாது. அதற்குத் தேவை போட்டோ லைப்ரரி சாப்ட்வேர். போட்டோ பைலுக்குள் கேமரா பதிந்து வைத்துள்ள தேதியைப் படித்து இது வரிசைப்படுத்தும். பெயர், ஊர், விசேஷம் என்று நீங்கள் குறித்து வைத்தால் நொடியில் தேடித் தரும்.

இது வசதி பற்றிய விஷயம் மட்டுமல்ல. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. ஈரமான ஆல்பத்தில் பக்கங்கள் ஒட்டிக் கொள்ளும். பிரித்தால் முகம் உரிந்து வரும். தரைத்தளத்தில் உள்ள சிபியூவுக்கும் அதே கதிதான். பிரிட்ஜை மறுபடி வாங்கலாம், கல்யாண போட்டோவை வாங்க முடியுமா? பேக்கப் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். டெஸ்க்டாப்பில் பாதி, டவுன்லோட்ஸில் பாதி, பென் டிரைவில் மீதி என்று கிடந்தால் எதைக் காப்பி செய்வது? ஒரே போல்டருக்குள் இருந்தால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து, மாடியில் குடியிருக்கும் அக்கா வீட்டில் கொடுத்து வைக்கலாம்.

எந்த லைப்ரரி? ஒரு காலத்தில் யோசிக்காமல் பிகாசா என்று சொல்லி விடலாம். கூகுள் 2004-ல் அதை வாங்கி இலவசமாகத் தந்தது; 2016-ல் நிறுத்தி விட்டது. அதற்குள்ளேயே உருவாக்கிய ஆல்பங்களை வேறு சாப்ட்வேருக்குக் கொண்டு போக முடியாமல் பலர் திண்டாடினார்கள். கூகுள் போட்டோஸ் நல்லதுதான். ஆனால் 2021 ஜூன் முதல் ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி மட்டுமே இலவசம். என்னைக் கேட்டால் டிஜிகேம் என்பேன். இலவசம். மெனுக்கள் அதிகம், முதல் வாரம் மிரட்டும்! ஆனால் நீங்கள் கொடுக்கும் பெயரையும் குறிப்பையும் போட்டோ பைலுக்குள்ளேயே எழுதி வைக்கும் வசதி உள்ளது. செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதியில் இதை டிக் செய்து விடுங்கள். நாளை டிஜிகேமே இல்லாமல் போனாலும் உங்கள் குறிப்புகள் போட்டோவோடு வரும்.

திருத்தவே வேண்டாமா என்றால், வேண்டும். பரீட்சை விண்ணப்பத்திற்கு 50 கேபிக்குள் போட்டோ சுருக்க இர்பான்வியூ போதும். அதற்கு மேல் ஆசையிருந்தால் ஜிம்ப் இருக்கிறது, அதுவும் இலவசம். மாதச் சந்தா கட்ட மனமில்லாமல் திருட்டு போட்டோஷாப் போட்டு, கூடவே வைரஸையும் வரவழைக்காதீர்கள். எதில் திருத்தினாலும் சேவ் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். ஜேபெக் பைலைத் திருத்தித் திருத்தி அதே பெயரில் சேவ் செய்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும், ஒரிஜினலும் போய்விடும்.

பழைய பிரிண்டுகளை ஸ்கேன் செய்பவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்கேன் செய்த நாளையே கம்ப்யூட்டர் போட்டோவின் தேதியாக எடுத்துக் கொள்ளும். 1985-ல் நடந்த கல்யாணம் இந்த வருடப் படங்களோடு போய் உட்கார்ந்து கொள்ளும்! டிஜிகேமில் தேதியை மாற்றும் வசதி உண்டு. சரியான வருடம் தெரிந்த பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள்.