காலிலும் ஒரு நாடி உண்டு

காய்ச்சல் என்று போனால் மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார். காலில் நாடி பார்த்தவரைக் கண்டதுண்டா? சிரிக்காதீர்கள், தொடையிடுக்கில் விரலை வைத்தால் அங்கும் ஒரு துடிப்பு தெரியும். அதைத் தொட்டுப் பார்ப்பது ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வளைந்து கீழே இறங்குகிறது. தலைக்கும் கைகளுக்கும் செல்லும் கிளைகள் அவ்வளைவில் பிரிகின்றன. பிறக்கும் 10,000 குழந்தைகளில் ஏறத்தாழ 4 பேருக்கு, பெரும்பாலும் அக்கிளைகளைத் தாண்டியவுடன், பெருந்தமனி குறுகியிருக்கிறது. வாய்க்காலில் கல் விழுந்தால் மேலே நீர் தேங்கும், கீழ்வயல் காயும். அதுபோலக் கைகளில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, கால்களில் குறைகிறது.

குறுக்கம் கடுமையானால் பிறந்த சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. மிதமானால் பல ஆண்டுகள் வெளியே தெரியாது. தலைவலி என்பான் சிறுவன். ஓடினால் கால் வலிக்கிறது என்பான். பள்ளிக்குப் போகச் சோம்பல் என்று நாம் தள்ளிவிடுவோம். உள்ளேயோ அவன் இதயம் ஓயாமல் அதிகச் சுமை இழுத்துக்கொண்டிருக்கும்.

இதற்குச் சிகிச்சை இல்லையா? உண்டு. 1944-இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் என்ற அறுவை மருத்துவர் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் பெருந்தமனியில் குறுகிய பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். இன்று சிலருக்கு மார்பைத் திறக்காமலே, தொடைத் தமனி வழியாகச் சிறு பலூனைச் செலுத்திக் குறுக்கத்தை விரிக்கிறார்கள். அதன் பின்னும் வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு வேண்டும்.

நோயை உறுதிசெய்ய எக்கோ கருவி இருக்கிறது. ஆனால் சந்தேகம் எழுந்தால்தானே குழந்தை அக்கருவியிடம் போகும்! ஆகவே என் கருத்து இதுதான்: பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் கால்நாடி பார்க்க வேண்டும். முதல் நாட்களில் அது சரியாகவே தோன்றலாம். எனவே சில வாரங்களில் மீண்டும் பார்க்க வேண்டும். பள்ளிப் பரிசோதனையில் உயரம், எடையோடு இரத்த அழுத்தமும் அளக்க வேண்டும். கையில் அழுத்தம் மிகுந்தால் காலிலும் அளக்க வேண்டும். வழக்கமாகக் காலில் அது சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். 20 மில்லிமீட்டர் குறைந்தால் விடக்கூடாது.

அரிய நோய்க்காக அனைவரையும் சோதிப்பதா என்று கேட்கலாம். கால்நாடி பார்க்க அரை நிமிடம் போதும், செலவு ஏதுமில்லை. தவறவிட்டால் இழப்பு ஒரு பிள்ளை. உங்களில் நாளைய மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறீர்கள். எத்தனை கருவிகள் வந்தாலும் உங்கள் விரல்களை மறந்துவிடாதீர்கள்!