செல்போனை வைத்தே குழந்தையின் காது பிரச்னையைக் கண்டுபிடிக்கலாமா? ஏஐ சோதனையை எவ்வளவு நம்பலாம்?

சளி, காய்ச்சல் சரியாகி ஒரு மாசம் ஆச்சு. ஆனாலும் கூப்பிட்டா குழந்தை திரும்பிப் பார்க்கல, டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போகுதா? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் போல தறி சத்தம் கேட்கும் பகுதிகளில், 'சத்தத்துல காதுல விழல போல' என்று இதை விட்டுவிடுவது சுலபம். ஆனால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம். வலி, காய்ச்சல் எதுவும் இல்லாததால் வெளியே தெரியாது. பேச்சு கற்கும் வயதில் இது நீடித்தால் பேச்சும் படிப்பும் பாதிக்கலாம்.

குழந்தைகளுக்கு ஏன் அதிகம்?

மூக்கின் பின்பகுதியையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய், குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். குழந்தைப் பருவ செவித்திறன் குறைபாட்டில் சுமார் 60% தடுக்கக்கூடிய காரணங்களால் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏஐ எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காலிக் குடத்தைத் தட்டினால் ஒரு சத்தம், தண்ணீர்க் குடத்தைத் தட்டினால் வேறு சத்தம் வரும். அதே சூத்திரம்தான். போனில் காகிதப் புனல் ஒன்றைப் பொருத்தி, காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்புவார்கள். திரும்பி வரும் எதிரொலியை வைத்து நீர் இருக்கிறதா என்று மென்பொருள் கணிக்கும். 2019-ல் இதை வெளியிட்ட வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவில் இருந்த ஷியாம் கொல்லகோட்டா, சென்னை ஐஐடியில் படித்தவர்.

இன்னொரு முறை வீடியோ. அழுது திமிறும் குழந்தையின் செவிப்பறையை டாக்டர் பார்க்கக் கிடைப்பது சில நொடிதான். வீடியோ எடுத்தால் ஏஐ நிதானமாக ஆராயும். பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 635 குழந்தைகளின் 1,151 வீடியோக்களை வைத்து உருவாக்கிய முறை, தொற்று இருப்பதையும் இல்லாததையும் 93%-க்கு மேல் சரியாகச் சொன்னதாக 2024-ல் வெளியானது. தொற்று வேறு, வெறும் நீர் வேறு. வெறும் நீருக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. அதனால் இந்த வித்தியாசம் தெரிவது முக்கியம்.

85% என்றால் நம்பிடலாமா?

இங்கேதான் கவனம் வேணும். புனல் முறை, நீர் இருந்த காதுகளில் சுமார் 85 சதவீதத்தைக் கண்டுபிடித்தது. நீர் இல்லாத காதுகளில் 82 சதவீதத்தைச் சரியாகச் சொன்னது.

இப்போ ஒரு கணக்கு. ஒரு பள்ளியில் 100 காதுகளைச் சோதிக்கிறோம், 10-ல் நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 சிக்கும், 2 தப்பிவிடும். மீதி 90 நல்ல காதுகளில் 16-ஐயும் 'பிரச்னை' என்று காட்டும். அதாவது 'பிரச்னை' என்று வரும் 24-ல் 16 நல்ல காதுதான்! ஆக, யாரை டாக்டரிடம் அனுப்பணும் என்று சொல்லத்தான் இது உதவும். நோயை உறுதி செய்வது டாக்டர் வேலை.

காஞ்சிபுரத்தில் இது உதவுமா?

2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே திட்டத்தில், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் நேரில் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. காது தொற்று, காது கேளாமை இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தக் குழுக்களின் கையில் இப்படி ஒரு கருவி இருந்தால் நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளும் அமெரிக்கக் குழந்தைகளிடம் நடந்தவை. அங்கன்வாடி இரைச்சலில், தறி ஓடும் வீட்டில், விலை குறைந்த போனில் அதே முடிவு வருமா என்பதை இங்கேயே சோதித்த பிறகுதான் நம்ப முடியும்.

பெற்றோர் என்ன செய்யணும்?

* கூப்பிட்டால் திரும்பாதது, பேச்சு தாமதம், காதில் சீழ் இருந்தால் அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்க.
* எண்ணெய், தாய்ப்பால் எதையும் காதில் ஊத்தாதீங்க. பட்ஸ் போட்டுக் குடையாதீங்க.
* வெறும் நீர் என்றால் பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானாக வடியும். வடிந்ததா என்று மறுபரிசோதனை அவசியம்.
* ஆப் 'நார்மல்' என்று காட்டினாலும் சந்தேகம் தீரலையா? டாக்டரைப் பாருங்க.