வீட்டுக்குள் தாண்டிக் குதிக்கும் விளம்பரம்!

பழனி மலைத் தொடரில் இருக்கிறது, தாண்டிக்குடி. காப்பியும் மிளகும் ஆரஞ்சும் மலை வாழையும் விளையும் ஊர். காப்பி போர்டின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இங்கே இருக்கிறது.

ஊரின் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். முருகப் பெருமான் இந்த மலையில் இருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்தாராம். "தாண்டிக் குதி" என்பதே நாளடைவில் "தாண்டிக்குடி" ஆகிவிட்டதாம்.

அது பழைய கதை. இப்போது வேறு ஒன்று தாண்டிக் குதிக்கிறது. மலையைத் தாண்டி, கதவையும் தாண்டி, வீட்டுக்குள்ளேயே வந்து குதிக்கிறது.

அதுதான் இன்டர்நெட் விளம்பரம்!

வீட்டுக்குள் யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்? வீட்டுக்காரரா? விளம்பரக் கம்பெனியா?

அழையாத விருந்தாளி

காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். வீட்டில் ஒரு ரூட்டர் பெட்டி இருக்கிறது. அப்பாவின் செல்போன், அம்மாவின் செல்போன், தாத்தா பார்க்கும் டி.வி., பையன் படிக்கும் கம்ப்யூட்டர் எல்லாமே அந்தப் பெட்டி வழியாகத்தான் வெளி உலகத்தோடு பேசுகின்றன.

கொச்சியில் இன்று மிளகு என்ன விலை என்று அப்பா பார்க்கிறார். விலை வருவதற்கு முன், "அவசரக் கடன் வேண்டுமா? ஐந்தே நிமிடம்!" என்று ஒரு கட்டம் வந்து மறைக்கிறது.

பையன் கணக்குப் பாடம் தேடுகிறான். "சீட்டு ஆடு! பணத்தை அள்ளு!" என்று கூப்பிடுகிறது இன்னொன்று.

அம்மா ஒரு பக்திப் பாட்டைத் தேடிப் பிடித்து, பொத்தானை அழுத்துகிறார். பாட்டு வரவில்லை. அது பொத்தான் வேடம் போட்ட விளம்பரம்!

யாரும் இவர்களை அழைக்கவில்லை. ஆனால் வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு வண்டிச் சத்தம் கொடுப்பதும் வீட்டுக்காரர்தான்! விளம்பரப் படம் ஓடுவதற்குச் செலவாகும் டேட்டா, அவர் காசு கொடுத்து வாங்கியது அல்லவா?

கண்ணுக்கு ஏலம்!

பத்திரிகையில்கூட விளம்பரம் வருகிறதே, அதில் என்ன தவறு என்று கேட்கலாம்.

பத்திரிகையில் வரும் சோப்பு விளம்பரத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். அது உங்களைப் பார்ப்பது இல்லை.

இன்டர்நெட் விளம்பரம் உங்களைப் பார்க்கிறது!

எந்த ஊரில் இருக்கிறீர்கள், எதைத் தேடினீர்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று குறித்துக் கொள்கிறது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்ததும், அந்தக் குறிப்பைக் காட்டி ஏலம் நடக்கிறது. ஏலம் கேட்பவை கம்ப்யூட்டர்கள். வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏலம் முடிந்து விடுகிறது. யார் அதிக விலை கொடுத்தாரோ, அவருடைய விளம்பரம் உங்கள் முன்னால் வருகிறது.

மண்டியில் ஏலம் போவது மிளகு. இங்கே ஏலம் போவது உங்கள் கண்!

1994-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி, "ஹாட்வயர்டு" என்ற அமெரிக்க இன்டர்நெட் பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரப் பட்டை வெளியாயிற்று. இந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி அதுதான். இன்று? கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்பபெட்டுக்கு 2024-ல் வந்த வருமானம் சுமார் 35 ஆயிரம் கோடி டாலர். அதில் நான்கில் மூன்று பங்கு விளம்பரப் பணம்!

பெங்களூரில் நடந்தது

பக்கத்தை எழுதுபவர் ஒருவர். படிப்பவர் ஒருவர். நடுவில் இருப்பவர் அதில் கை வைக்க முடியுமா?

முடியும் என்று காட்டியது, 2015 ஜூன் மாதம் பெங்களூரில் நடந்த நிகழ்ச்சி.

தேஜேஷ் ஜி.என். என்பவர் கம்ப்யூட்டர் நிபுணர். ஏர்டெல் 3ஜி இணைப்பு மூலம் தன்னுடைய சொந்த இணையப் பக்கத்தைப் பார்த்தார். அவர் எழுதாத சில வரிகள் அதற்குள் இருந்தன! இதை அவர் வெளியிட்டார். உடனே, பிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேல் நாட்டுக் கம்பெனி அவருக்கு வக்கீல் நோட்டீசு அனுப்பியது. வாடிக்கையாளர்கள் எவ்வளவு டேட்டா செலவிட்டார்கள் என்று தெரிவிப்பதற்கான ஒரு சோதனைதான் அது என்றும், நோட்டீசுக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்றும் ஏர்டெல் விளக்கம் சொன்னது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நடுவில் இருப்பவர் சேர்க்க முடியும் என்றால், வீட்டுக்காரர் நடுவில் நின்று கழிக்கவும் முடியும்!

அவர் நிற்க வேண்டிய இடம்தான் ரூட்டர் பெட்டி.

விலாசப் புத்தகம்

இது எப்படி வேலை செய்கிறது?

இன்டர்நெட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு எண்ணும் உண்டு. நாம் பெயரைச் சொல்கிறோம். கம்ப்யூட்டருக்கோ எண் வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் விலாசப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதற்கு டி.என்.எஸ். என்று பெயர். அமெரிக்கரான பால் மோக்கபெட்ரிஸ் 1983-ல் இதை உருவாக்கினார்.

மிளகு விலை ஒரு விலாசத்தில் இருந்து வருகிறது. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரமோ பெரும்பாலும் வேறு விலாசத்தில் இருந்து வருகிறது. விளம்பரக்காரர்களின் விலாசங்களை அடித்துவிட்ட ஒரு புத்தகத்தை ரூட்டரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? "அப்படி ஒரு வீடே இல்லை" என்று பதில் வரும். மிளகு விலை வரும். விளம்பரம் வராது!

செல்போன், டி.வி., கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு புத்தகம் போதும்.

செய்வது எப்படி?

ரூட்டரின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பெட்டியின் விலாசமும் பாஸ்வேர்டும் அதில் இருக்கும். அந்த விலாசத்தைச் செல்போனில் திறந்து, டி.என்.எஸ். என்ற இடத்தைத் தேட வேண்டும். அங்கே இருக்கும் பழைய எண்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

அட்கார்டு என்ற கம்பெனி இத்தகைய புத்தகம் ஒன்றை இலவசமாகத் தருகிறது. அதன் எண்கள்: 94.140.14.14, 94.140.15.15. ஆபாசப் பக்கங்களையும் சேர்த்துத் தடுக்க வேண்டுமானால்: 94.140.14.15, 94.140.15.16.

பிறர் புத்தகம் வேண்டாம் என்பவர்கள், வீட்டிலேயே ஒன்று வைத்துக் கொள்ளலாம். "பை-ஹோல்" என்ற இலவச ஏற்பாட்டை அமெரிக்கரான ஜேக்கப் சல்மேலா 2014-ல் தொடங்கினார். உள்ளங்கையில் அடங்கும் சிறு கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும்.

சில ரூட்டர்களில் இந்த எண்ணை மாற்ற முடியாதபடி பூட்டியிருப்பார்கள். வீட்டை விட்டு வெளியே போனால் ரூட்டரின் காவலும் கிடையாது. அப்போது, ஆண்ட்ராய்டு செல்போனில் "பிரைவேட் டி.என்.எஸ்." என்ற இடத்தில் தனியாக மாற்றிக் கொள்ளலாம்.

தப்பி வருபவை

எல்லா விளம்பரமும் நின்றுவிடுமா? நிற்காது.

யூடியூபில் பாட்டு வரும் விலாசத்தில் இருந்தே விளம்பரமும் வருகிறது. பேஸ்புக்கும் அப்படித்தான். அந்த விலாசத்தை அடித்தால் பாட்டும் போய்விடும்!

சில சமயம் நல்ல பக்கமும் திறக்காமல் அடம் பிடிக்கும். அப்போது பழைய எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் சமையல் சொல்லிக் கொடுப்பவர், விவசாயம் சொல்லிக் கொடுப்பவர் பலருக்கு விளம்பரம்தான் கூலி. எல்லோரும் தடுத்துவிட்டால் அவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? நமக்குப் பயன்படும் பக்கத்துக்கு மட்டும் வழிவிட "பை-ஹோல்" போன்ற ஏற்பாடுகளில் வசதி இருக்கிறது. கதவை அடைப்பது எல்லோரையும் விரட்டுவதற்கு அல்ல. ஆள் பார்த்துத் திறப்பதற்கு!

சட்டம் போதாதா?

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. ஆன்லைன் சூதாட்டத்தால் குடும்பங்கள் அழிவது பற்றி ஆராய, ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் 2022-ல் தமிழக அரசு குழு அமைத்தது. தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் கவர்னரின் ஒப்புதல் பெற்றது. ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை செல்லாது என்று அதே ஆண்டு நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

பிறகு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அது சொல்கிறது. 18 வயது நிரம்பாதவர்களைக் குறி வைத்து விளம்பரம் காட்டக்கூடாது என்கிறது, 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம்.

ஆனால் மோசடி விளம்பரம் கடல் கடந்தும் வருகிறது. ஒரு பெயரைத் தடுத்தால் மறு பெயரில் வருகிறது. சட்டம் ஊர்க் காவல். வீட்டுக் காவல் வேறு. இரண்டும் வேண்டும். ஏமாந்து பணம் பறிபோனால், நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

சாவி யார் கையில்?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. விலாசப் புத்தகத்தை மாற்றும் வித்தை திருடர்களுக்கும் தெரியும்!

2011 நவம்பரில் எஸ்டோனியா நாட்டில் 6 பேர் பிடிபட்டார்கள். 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் விலாசப் புத்தகத்தை ரகசியமாக மாற்றி, தங்கள் விளம்பரங்களை அதில் புகுத்தியது அந்தக் கூட்டம். அவர்கள் சம்பாதித்தது 1 கோடியே 40 லட்சம் டாலர் என்று அமெரிக்கப் போலீசார் சொன்னார்கள்.

எனவே புத்தகத்தை மாற்றினால் மட்டும் போதாது. ரூட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். புது பாஸ்வேர்டு வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

காப்பிப் பழம் பழுக்கும் காலத்தில் தோட்டத்துக்குக் காவல் போடாதவர் இல்லை. வீட்டு மூலையில் பச்சை விளக்கு எரியும் அந்தச் சிறு பெட்டியும் ஒரு வாசல்தான். அதன் சாவி இதுவரை யார் யார் கையிலோ இருந்தது. அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்ள, அரை மணி நேரம் போதும்!